இனிப்பு வாடை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டுக்காரியும் சௌக்கியமாக இருக்கிறோம். அவளுக்குக் கொஞ்சம் சோர்வு, மற்றபடி ஒன்றுமில்லை. தீவில் உனக்குத் தூக்கம் ஒழுங்காக வருகிறதா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படியேறும்போது அவசரப்படாதே.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. பார்த்தால் நீயே அதைச் சுற்றிச் சுற்றி வருவாய். இங்கே பெரிய வக்கீல் ஒருவரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், கரும்பச்சை. கம்ப்ரஷன் பதினொன்றுக்கு ஒன்று. ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த என்ஜின். பம்புகளில் அதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிவிட்டதே. இப்போது கிடைக்கிற பெட்ரோலை ஊற்றி மேட்டில் ஏற்றினால் ஒரே நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். கேட்டால் என் பல்லே ஆடுகிறது.

வக்கீல் ஜூன் மாதம் மலைப்பாதைப் பந்தயத்தில் அதை ஓட்டப் போகிறாராம். "ஒரு போல்ட்டைக்கூட மாத்தக் கூடாது. கம்பெனியிலேருந்து வந்தபடியே இருக்கணும். ஆனா சத்தம் வரக் கூடாது" என்கிறார். தலை நனையாமல் குளிப்பாட்டச் சொல்கிறார். இதை ஓடவைத்துவிட்டால் பந்தயத்துக்கு வருகிற மற்றப் பழைய வண்டிக்காரர்களும் என் ஷெட்டைத் தேடி வருவார்கள் அக்கா. எனக்கும் டயர் கழற்றி மாட்டி அலுத்துவிட்டது.

நீ அந்தத் தீவு ஆலையில் நாள் முழுக்கப் பெட்ரோலைச் சோதித்துக்கொண்டிருப்பவள். என்ன ஊற்றலாம், எதைக் கலக்கலாம் என்று விவரமாக எழுது.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 28

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுப் படகில் வந்தது. முழங்கால் பரவாயில்லை, ஆய்வகத்துக்கு லிஃப்ட் போட்டுவிட்டார்கள். அவளுக்கு என்ன சோர்வு? அதைப் பாதியில் விட்டுவிட்டு காருக்குத் தாவிவிட்டாய். டாக்டரிடம் காட்டினாயா?

காருக்கு வருகிறேன். முதலில் சிலிண்டருக்குள் படிந்திருக்கும் கரியைச் சுரண்டி எடு. பாதி நாக்கிங் அதனாலேயே இருக்கும். பம்பில் இருப்பதில் ஆக்டேன் அதிகமானதை மட்டும் போடு. இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளு. கடையில் விற்கிற ஆக்டேன் பாட்டிலை நம்பி ஏமாறாதே. ‘ஐந்து பாயின்ட் ஏறும்’ என்று போட்டிருப்பான், பத்துப் பாயின்ட் சேர்ந்தால்தான் ஒரு எண் என்பது அவன் கணக்கு. ஏறுவது அரைதான். இப்போதைய பெட்ரோலில் ஆல்கஹால் கலந்திருந்தால் பழைய ரப்பர் ஹோஸை அது தின்றுவிடும், மாற்றிவிடு.

ஈயம் வால்வ் சீட்டுக்கு மெத்தை மாதிரியும் இருந்தது. அது இல்லாமல் விரட்டி ஓட்டினால் சீட் தேயும். கடினமான சீட் போட்டு, தடித்த ஹெட் கேஸ்கெட் வைத்துக் கம்ப்ரஷனைக் குறைப்பதுதான் நிலையான வழி. வெளியிலிருந்து பார்த்தால் எவருக்கும் தெரியாது. வக்கீலிடம் பேசிப் பார்.

இன்னொன்று. லேபிள் இல்லாத எதையாவது யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதே. ஈயத்தை நிறுத்தியதிலிருந்து எங்கெங்கோ மூலையில் கிடந்த சரக்கெல்லாம் வெளியே வருகிறது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அவளை டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லையாம். உனக்கு லிஃப்ட் வந்ததில் எங்களுக்கும் நிம்மதி.

நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். கரி ஒரு கைப்பிடி வந்தது. டைமிங்கைத் தள்ளியதும் சத்தம் குறைந்தது, ஆனால் வண்டிக்கு உயிரே போய்விட்டது. வக்கீல் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மாட்டு வண்டி ஆக்கிட்டே?" என்றார். கேஸ்கெட் பேச்சை எடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைப் பாட்டிலை ஊற்றிப் பார்த்ததில் பிளக் எல்லாம் செங்கல் நிறத்துக்கு மாறியதுதான் மிச்சம்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். மூடிக் கிடக்கிற பழைய விமானத் திடலில் அவருக்குத் தெரிந்த ஆள் இருக்கிறாராம். அங்கிருந்து விமானப் பெட்ரோல் கொஞ்சம் வந்தது. கலந்து ஊற்றினேன். அக்கா! டைமிங்கைப் பழையபடி வைத்தும் ஒரு சத்தமில்லை. பட்டுத் துணியைக் கிழிக்கிற மாதிரி மேடேறுகிறது. ஷெட் முழுக்க லேசான இனிப்பு வாடை. என் சட்டையில் ஏறிவிட்டது, அவள் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கசக்கியும் போகவில்லை என்று திட்டுகிறாள்.

உன் தம்பி கை ராசிக்காரன் என்று ஊரே சொல்லப்போகிறது, பார்.

அன்புத் தம்பி


மார்ச் 7

தம்பி,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த கையோடு பதில் எழுது. ஒர்க்‌ஷாப் நம்பருக்கு இரண்டு நாளாகப் போன் போட்டுப் பார்க்கிறேன், மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

விமானப் பெட்ரோலில் இனிப்பு வாடை இருக்காது. உனக்கு வந்தது பீப்பாயிலா, டப்பாவிலா? கொஞ்சம்தான் கலக்க வேண்டும் என்று சொன்னாரா? அப்படியானால் அது பெட்ரோல் அல்ல, பெட்ரோலில் கலக்கிற ஈயத் திரவம். மருந்துக் குப்பி அளவு ஒரு டாங்க்குக்குப் போதும். மூக்கு வழியாகப் போகும், தோல் வழியாகவும் போகும். துணியில் தங்கும். உடம்புக்குள் போனால் நேராக மூளையைத்தான் தேடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அது இருந்த பழைய டாங்க்கைக் கழுவ ஒருவர் இறங்கினார். அடுத்த வாரம் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, மேஜையில் இல்லாத பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன், விளையாடுகிறார் என்று.

வெறும் கையால் தொட்டாயா? ஷெட் கதவு திறந்திருந்ததா? உன் உடுப்பை அவள் தொட வேண்டாம். அந்தச் சாமானை மூடி, வெளியே வைத்து, யாரையும் நெருங்க விடாதே. எழுது, தம்பி.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் குணமாகட்டும். நாங்கள் நலம். நீ இப்படிப் பயந்து செத்தால் யார் எங்களுக்கு அக்கா? அது வெறும் விமானப் பெட்ரோல்தான். சின்ன டப்பா ஒன்றும் கூட வந்தது உண்மை. அதை வக்கீலிடமே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. விஷயம் முடிந்தது.

இப்போது நல்ல செய்தி. அவளுக்கு ஐந்தாவது மாதம். முன்பு இரண்டு தடவை கலைந்துபோனதால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிப்போட்டிருந்தாள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

எனக்குத்தான் கொஞ்ச நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் கண்றாவிக் கனவு. வேலை அதிகம், அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை கேள். எந்நேரமும் நாக்கில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், வரவில்லை. சாப்பாட்டில் முடி விழுந்திருக்கிறது என்று அவளோடு சண்டை. ஷெட்டில் எலி வேறு வந்திருக்கிறது. சத்தம் கேட்கிறது, ஆளைப் பார்க்க முடியவில்லை.

பந்தயம் முடிந்ததும் நன்றாகத் தூங்குவேன்.

தம்பி


ஏப்ரல் 13

அன்புத் தங்கைக்கு,

உன் நாத்தனார் எழுதுகிறேன். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, அவனைத் திட்டவும் திட்டாதே. இந்தக் கடிதத்தை உன் பக்கத்து வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். அவனிடம் காட்டாதே.

அவனுடைய வேலை உடுப்பை இனி நீ துவைக்காதே. தொடவே தொடாதே. ஒரு குச்சியால் எடுத்து மூடியுள்ள வாளியில் போட்டு வெளியே வை. ஷெட்டுக்குள் போகாதே. அவன் தூங்குகிறானா? சாப்பிடுகிறானா? இல்லாத எதையாவது பார்க்கிறானா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. "விமானப் பெட்ரோலில் கலக்கிற ஈயத் திரவம், தோலில் பட்டிருக்கிறது" என்று சொல். இதோடு டாக்டருக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். உன்னையும் சோதிக்கச் சொல்.

லீவு கேட்டிருக்கிறேன். மாற்று ஆள் வராமல் படகேற விடமாட்டார்கள். போன் இப்போது அடிப்பதுகூட இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால்தான் இத்தனை பாரத்தையும் உன் தலையில் வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 15

அக்கா,

நீ நலமா? உண்மையைச் சொல், நீ நலமா? உன் பெயரில் வருகிற கடிதமெல்லாம் நீ எழுதுவதுதானா?

நான் நலம். ஆனால் என்ஜின் அடிக்கிறது. அணைத்துவிட்டேன், சாவி என் பையில் இருக்கிறது, ஆனாலும் அடிக்கிறது. பானெட்டில் காதை வைத்துக் கேட்டேன். நிறுத்திய என்ஜின் எப்படி அக்கா அடிக்கும்? நீ படித்தவள், சொல். போனையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். மணி அடிக்காமலே அதில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

கையில் எறும்பு. தோலுக்கு மேலே இல்லை, அடியில். சோப்புக்குப் போகவில்லை. டப்பாவில் இருப்பதைக் கொஞ்சம் துணியில் நனைத்துத் துடைத்தால் அடங்குகிறது. குளிர்ச்சியாக இருக்கிறது. அதனால்தான் டப்பாவைக் கொடுக்கவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே.

அவள் சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள். முடி இல்லை, வேறு. அவள் வயிற்றில் இருப்பது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நான் இப்போது காருக்குள்ளேயே படுத்துக்கொள்கிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டால் யாரும் வர முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். கதவைப் பூட்டிக்கொள்.

தம்பி


தந்தி, ஏப்ரல் 30

அவன் காரில் படுக்கிறான். டப்பா ஷெட்டில். தனியாகப் போகாதே. ஆள் கூட்டிப் போ. ஆஸ்பத்திரி. உடனே. அண்ணி.


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? உங்கள் தந்தி வந்தபோது நான் ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் பக்கத்து வீட்டில் கிடந்து, தாமதமாகத்தான் என் கைக்கு வந்தது. படித்ததும் என் கையைத்தான் பார்த்தேன். எத்தனை வாரமாக அந்தச் சட்டைகளை வெறும் கையால் கசக்கியிருக்கிறேன்! எதிர்க்கடை வெல்டரைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பட்டப்பகல். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். பலகை இடுக்கு வழியே பார்த்தால் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கிறது, மடியில் பெரிய ஸ்பேனர். அந்த வாடை வெளியிலேயே அடித்தது.

"கதவைத் திறங்க" என்றேன்.

"யாரு நீ?"

"நான்தான்."

"அவ குரல்ல பேசாதே! அவளை என்ன பண்ணினே?"

அண்ணி, என் வீட்டுக்காரர் என்னையே என்னிடம் கேட்டார். வெல்டர் கதவை உடைக்கலாம் என்றார். உடைத்தால் அந்த ஸ்பேனர் யார் தலையில் விழும் என்று தெரியவில்லை. என்ன தோன்றியதோ, "அக்கா வந்திருக்காங்க. படகுலேருந்து நேரா வந்துட்டாங்க. முழங்கால் வலியோட வெயில்ல நிக்கிறாங்க" என்று பொய் சொன்னேன்.

கார்க் கதவு திறந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வந்து, தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "அக்கா எங்கே? அக்காவுக்கு நாற்காலி போடலையா?" என்றார். கையெல்லாம் நகத்தால் கீறி ரத்தம். வெல்டர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டி வைத்து ஊசி போட்டிருக்கிறார்கள். விழித்தால் கத்துகிறார், அதனால் தூங்க வைத்தே வைத்திருக்கிறார்கள். உங்கள் தாளை டாக்டர் இரண்டு தடவை படித்தார். என்னிடமும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரவில்லை.

கேன்டீனில் பூச்சி பொறுக்கிய அந்த மனிதரைப் பற்றிய உங்கள் கடிதத்தை அவருடைய டூல் பெட்டியில் பார்த்தேன். பிறகு அவர் என்ன ஆனார் அண்ணி? அதை நீங்கள் எழுதவில்லையே.

உங்கள் தங்கை


மே 15

அன்புத் தங்கைக்கு,

நீ இதுவரை செய்தது போதும், இனி உட்கார். கால் வீங்குகிறதா? தண்ணீர் நிறையக் குடி. உன் ரத்த முடிவு என்ன? மறைக்காமல் எழுது.

ஷெட்டைப் பூட்டி யாரையும் விடாதே. டப்பாவையும் டாங்க்கில் இருப்பதையும் எடுக்க அங்குள்ள எண்ணெய்க் கிடங்கின் பாதுகாப்பு ஆட்களுக்கு எங்கள் அலுவலகம் வழியாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முகமூடியோடு வருவார்கள், பார்த்துப் பயப்படாதே. அதுவரை காரை எவரும் நகர்த்தக் கூடாது. உடுப்பு வாளியையும் அவர்களிடமே கொடு.

லீவு கிடைத்துவிட்டது. ஜூன் நடுவில் வருகிற படகில் வருகிறேன். நீ சொன்ன பொய்யை அதற்கு முன்னால் உண்மையாக்க முடியவில்லையே என்றுதான் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 1

அன்புள்ள அண்ணிக்கு,

கால் வீக்கம் இல்லை. முகமூடிக்காரர்கள் வந்து டப்பா, வாளி, டாங்க்கில் இருந்தது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முழங்கால் வலியோடு எப்படி இத்தனை தூரம் வருவீர்கள் என்றுதான் கவலை. அவரைக் கட்டிலோடு கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டார்கள். அவருக்கு என்னை அடையாளம் தெரிகிறது. கை நடுங்குகிறது, ஸ்பூன் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறேன்.

முந்தாநாள் வக்கீல் வந்தார், பந்தயத்துக்கு வண்டியை எடுக்க. "சாவியைக் குடும்மா. அவருக்கு உடம்பு சரியானதும் மத்ததைப் பேசிக்கலாம்" என்றார்.

"டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கங்க" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? ஏதோ பெட்ரோல்ல கலக்கிறதுன்னு குடுத்தாங்க."

டப்பா வந்த அன்றைக்கு ஷெட்டுக்கு டீ கொண்டுபோனவள் நான். அவர் டப்பாவை நீட்டியதும், இவர் வாங்கியதும் என் கண் முன்னால் நடந்தது. "தெரியாதுன்னா எதுக்கு சார் அன்னைக்குக் கையுறை போட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.  காரைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அவர் போன பிறகு நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரத்த முடிவு வந்துவிட்டது. எனக்கும் ஈயம் ஏறியிருக்கிறது. அவருக்கு ஏறிய அளவு இல்லை. குழந்தைக்கு என்று கேட்டால் டாக்டர் பேனாவையே பார்க்கிறார். நேற்றுக் காலையிலிருந்து அசைவே இல்லை. சாயந்திரம் ஒரு உதை. 

கேன்டீனில் பூச்சி பொறுக்கியவரைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் இல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன். உங்கள் தம்பியிடம் சொல்லவில்லை. சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் தங்கை


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திரும்பிப் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. பிரசவத்துக்குக் கூட இருந்துவிட்டுப் போனது எங்களுக்கு எத்தனை பெரிய துணை என்று எழுதத் தெரியவில்லை. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, பேனாவை இரண்டு கையாலும் பிடித்து எழுதுகிறேன்.

அவள் தேறிவருகிறாள். உன் மருமகள் குறைமாதத்தில் பிறந்தவள் என்று இப்போது பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். அழும்போது தெரு முனை வரை கேட்கிறது. பரிசோதனைக்கு மாதா மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை நடப்பதையும் பேசுவதையும் பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியுமாம்.

உன்னிடம் சொல்லாமல் ஒன்றை வைத்திருந்தேன். நீ இங்கே இருந்த நாளெல்லாம் நான் குழந்தையைத் தூக்கவே இல்லை. நீயும் கேட்கவில்லை. கை நடுங்குகிறது, போட்டுவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். அது காரணமில்லை. எத்தனை தடவை கழுவினாலும் என் கையில் அது இருக்கிறது என்று தோன்றுகிறது. நேற்று அவள் என்னைக் கேட்காமலே குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வருகிற வரை இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குழந்தை என் முகத்தைப் பார்த்தது. வயிற்றில் இருந்தபோது நான் அதைப் பற்றி என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரியும் அக்கா. அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

உனக்குத் தெரியும். என் கையில் ஏதாவது இருக்கிறதா? குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா? எனக்காகப் பொய் சொல்லாதே.

தம்பி


செப்டம்பர் 22

என் தம்பிக்கு,

நீங்கள் மூன்று பேரும் நலமாக இருக்க விரும்புகிறேன். நான் நலம்.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். உன் கையில் எதுவும் இல்லை. அது ஆவியாகிப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. இது என் வேலை, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். இங்கே தினமும் படுக்கும்போது அவள் முகம்தான் வருகிறது. இந்தப் பயம் நமக்குக் கொஞ்ச காலம் இருக்கும். அதற்காக அவள் காத்திருக்கமாட்டாள், அவள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருப்பாள்.

பயந்துகொண்டே தூக்கு. தலைக்கு அடியில் ஒரு கை கொடு.

அக்கா